ஜிங்கோயிசம் எண்டா என்ன, அதை தமிழ்ல எப்படிச் சொல்றது

பெப்ரவரி 4, எங்கட சுதந்திர தினம், கிட்ட வந்தாப் போதும், கொழும்பில கலர் லைட்டுகளுக்குப் பக்கத்தில கொடி விப்பாங்க, த்ரீவீல் பஸ் வேன் எல்லாத்திலயும் சிங்கக்கொடி பறக்கும், அதைப் பாத்துட்டு "முழுக்க ஜிங்கோயிசம் மச்சான்" எண்டு சொல்ற ஆக்களும் இருக்காங்க. கொடி கட்டுறதை கூடிப்போனா பகட்டு எண்டு சொல்லலாம். ஜிங்கோயிசம் எண்டா சண்டைக்கு வருவம் எண்டு மிரட்டுற தேசப்பற்று, அதுக்கு இன்னொரு நாடு வேணும், அந்த நாட்டுக்கு ஒரு மிரட்டலும் வேணும்.

1877ல ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் சண்டை தொடங்கி, அடுத்த வருசம் ரஷ்யப் படை கொன்ஸ்தாந்திநோப்பிளை, அதுதான் இப்பத்தைய இஸ்தான்புல்லை, நெருங்கிட்டுது, பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலி ரஷ்யாவை மறிக்கக் கப்பல் படையை அந்தப் பக்கம் அனுப்புறார். அந்த நேரம் லண்டன் மியூசிக் ஹோல்கள்ல மெக்டெர்மட் எண்ட பாட்டுக்காரர் பாடின ஒரு பாட்டு நல்லா ஹிட். எங்களுக்கு சண்டை விருப்பமில்ல, ஆனா இறங்கினா கப்பல் இருக்கு, ஆள் இருக்கு, காசும் இருக்கு, இதுதான் அதின்ட சாரம். நடுவில "பை ஜிங்கோ" எண்டு ஒரு சத்தியம், இயேசுவின்ட பேரைச் சொல்லாம மழுப்பிற வார்த்தை எண்டு சொல்றாங்க. 1878 மார்ச்சில ஜோர்ஜ் ஹோலியோக் எண்டவர் டெய்லி நியூசுக்கு (எங்கட லேக் ஹவுஸ் பேப்பர் இல்ல, லண்டன் பேப்பர்) எழுதின கடிதத்தில அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு ரஷ்யாவோட சண்டை கேட்ட கூட்டத்துக்கு "ஜிங்கோக்கள்" எண்டு பேர் வச்சார், அது அப்படியே ஒட்டிட்டுது. கடைசியில பிரிட்டன் சண்டைக்கே போகல, பெர்லின் மாநாட்டில பேசித்தான் முடிச்சாங்க.

இனி தமிழுக்கு வருவம். எங்கட பேப்பர்கள்ல அடிக்கடி வாற "பேரினவாதம்" இதுக்குச் சரிவராது, அது சோவினிசத்துக்கு இங்க புழங்கிற சொல், நாட்டுக்குள்ளயே பெரிய இனம் சின்ன இனத்தை அமத்துறதைச் சொல்றது. "தேசபக்தி" சுத்தப் பிழை. "தேசவெறி" கிட்ட வருது, ஆனா அந்த மிரட்டல் அதில கேக்காது. கட்டுரை கிட்டுரை எண்டா "போர்வெறித் தேசியம்" போடலாம். எனக்குப் பிடிச்சது "சவடால் தேசப்பற்று", ஏனெண்டா சவடால் விடுறவன் எப்பவும் "நான் சண்டைக்குப் போற ஆள் இல்ல, ஆனா வந்தா..." எண்டுதான் தொடங்குவான், அந்தப் பாட்டும் அச்சொட்டா அதேதான். மட்ச் வெண்டு பாப்பரே பாண்ட் அடிக்கிறவனை இதில சேக்க வேணாம், டிவியில ஏசிக்குள்ள இருந்துகொண்டு பக்கத்து நாட்டை "வந்து பார்" எண்டு கூப்பிடுறவருக்குத்தான் இந்தச் சொல்.