பங்குனிப் பூவுக்குக் கார்த்திகையில் கவாத்து

மார்ச் பிறந்தால் எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலும் இதே கேள்விதான்: "நர்சரியில வாங்கினப்போ கொத்துக்கொத்தாப் பூத்திருந்துச்சு சார், இந்த வருஷம் வெறும் இலையா வருது, என்ன உரம் போடலாம்?" நான் உரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. நவம்பர், டிசம்பரில் செடிக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்பேன். "ஒரு நாள் தவறாம தண்ணி ஊத்தினேன்" என்று பெருமையாகச் சொல்வார்கள். சிக்கலே அங்கேதான்.

குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்து செடிகளைக் கட்டாயமாகத் தூங்க வைத்துவிடும். நம் சமவெளியில் அந்த வசதி இல்லை. பங்குனி, சித்திரையில் பூக்கும் பல்லாண்டுச் செடிகளுக்கு ஓய்வை நாம்தான் கொடுக்க வேண்டும். சிலவற்றுக்குக் கத்தரியால் கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டிக் குறைத்து, சிலவற்றுக்குத் தண்ணீரை நிறுத்தி.

கத்தரி கேட்பதில் முதலில் நிற்பது குண்டுமல்லி. அது மொட்டு வைப்பது புதுத் துளிரின் நுனியில். பழைய கிளைகளை அப்படியே விட்டால் செடி புதராக மண்டும், பூ எண்ணிக்கை குறையும். மல்லிகை விவசாயிகள் நவம்பர் கடைசி வாரத்தில், பாசனத்தை முன்கூட்டியே நிறுத்திவிட்டு, தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில் மொத்தச் செடியையும் வெட்டிவிடுவார்கள். காய்ந்த குச்சி, நோய் தாக்கிய கிளை எல்லாம் அப்போதே போய்விடும். அப்புறம் மண்ணைக் கொத்தி, செடிக்கு 10 கிலோ தொழு உரம் வைத்துத் தண்ணீர் விடுவார்கள். மார்ச்சில் பூ வரத் தொடங்கிவிடும்.

வீட்டில் வளர்ப்பவர்களுக்கு இவ்வளவு வெட்ட மனசு வராது. நுனியை மட்டும் கிள்ளிவிட்டுக் கவாத்து செய்தாகிவிட்டது என்பார்கள். அது போதாது. தொட்டிச் செடி என்றாலும் பாதிக்கு மேல் குறையுங்கள். சென்னை, கடலூர்ப் பக்கம் நவம்பர் கடைசியில் மழை விடாமல் பெய்தால் அவசரப்பட வேண்டாம். ஈரத்தில் வெட்டுவாய் வழியே பூஞ்சாணம் ஏறும். மழை விட்டதும் டிசம்பரில் வெட்டினால் பூ சில வாரம் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

கோடையில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச் சத்துக் குறைவு. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து வெயில் தாழ்ந்ததும் இலையில் தெளிக்கலாம். மொட்டில் ஓட்டை தெரிந்தால் மொட்டுப்புழு. அந்த மொட்டுகளைப் பறித்து அழித்துவிடுங்கள். செடியடியில் உதிரவிட்டால் புழு மண்ணிலேயே தங்கிவிடும்.

வாங்கும்போது பூவைப் பார்க்காதீர்கள், வேரைப் பாருங்கள். ராமேஸ்வரம் அருகே உள்ள தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து வரும் மல்லிகை நாற்றுகள் பார்க்க வெறும் குச்சி மாதிரிதான் இருக்கும். ஆனால் பூத்துக் குலுங்கும் தொட்டியை விட, நன்றாக வேர் விட்ட அந்தக் குச்சிதான் நல்லது. வேரில் சிறு சிறு முடிச்சுகள் இருந்தால் நூற்புழு, வேரைத் தாக்கும் நுண்புழு. அதை வாங்கி வந்தால் உங்கள் மண்ணும் கெடும்.

காகிதப்பூவுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முழு வெயில், சிறிய தொட்டி, இலை லேசாகத் துவளும்போது மட்டும் தண்ணீர். செல்லம் கொடுத்தால் முள்ளும் இலையும்தான் மிஞ்சும்.

கிழங்கு வகைகள்தான் பலரை ஏமாற்றுகின்றன. எக்காளம் போல் பெரிய பூ விடும் அமரில்லிஸும், ஃபுட்பால் லில்லியும் நம் ஊர் வெயிலுக்கு நன்றாகவே ஒத்துவரும். ஃபுட்பால் லில்லி கோடை மழையில் நனைந்ததும், ஏப்ரல், மே வாக்கில், ஒரே ஒரு சிவப்புப் பந்தை நீட்டும். வருடத்துக்கு ஒருமுறைதான். பூத்த பிறகு அதன் வேலை இலையால் சமைத்துக் கிழங்கில் சேமிப்பது. ஆகவே பூ வாடியதும் காம்பை மட்டும் வெட்டுங்கள், இலையில் கை வைக்காதீர்கள்.

இவை அடங்கத் தொடங்கும் நேரத்தில் நமக்கு வடகிழக்குப் பருவமழை. தொட்டியில் தென்னை நார்க்கழிவை அதிகம் போட்டிருந்தால் வாரக்கணக்கில் ஈரம் வடியாது, கிழங்கு அழுகிவிடும். செம்மண், மணல், தொழு உரம் சம அளவில் போதும். ஓட்டை அடைபடாத தொட்டி வேண்டும். மழை வலுத்தால் தொட்டியை சன்ஷேடுக்கு அடியில் நகர்த்துங்கள். அமரில்லிஸ் நடும்போது கிழங்கின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். டிசம்பர், ஜனவரியில் ஆறேழு வாரம் அதற்குத் தண்ணீரே வேண்டாம். பிப்ரவரியில் மேல்மண்ணைக் கிளறி, மண்புழு உரம் கொஞ்சம் கலந்து மறுபடி நனைத்தால் பூத்தண்டு எழும்.

ஆன்லைனில் டியூலிப் கிழங்கு விற்கிறார்களே, வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பூமொட்டு சரியாக வளர அதற்குப் பல வாரக் கடுங்குளிர் தேவை. ஸ்ரீநகரில் அது இயற்கையாகக் கிடைக்கிறது. மதுரையில் ஃப்ரிட்ஜில் வைத்து ஒருமுறை பூக்க வைத்தாலும் அடுத்த வருடம் வராது. அந்தக் காசுக்கு நாலு அமரில்லிஸ் கிழங்கு வாங்கலாம்.

அமரில்லிஸ், ஃபுட்பால் லில்லி இரண்டின் கிழங்கும் பார்க்க வெங்காயம் போல இருக்கும், இரண்டுமே நச்சு. வீட்டில் சிறு பிள்ளையோ நாயோ பூனையோ இருந்தால் தொட்டியை எட்டாத இடத்தில் வையுங்கள். நடாமல் எடுத்து வைக்கும் கிழங்குகளைச் சமையலறைப் பக்கமே கொண்டு போகாதீர்கள்.