ஆறு எவ்வளவு நஞ்சு தாங்கும்?

ஒரு வேதிப்பொருளை ஆறு எவ்வளவு தாங்கும் என்று பார்க்க, ஆய்வகத்தில் பிறந்து 24 மணி நேரம்கூட ஆகாத ஐந்து நீர்த்தெள்ளுகளை (டாஃப்னியா என்ற சின்ன நீர்வாழ் உயிரிகள்) ஒரு குவளையில் விடுகிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். உடல் கண்ணாடி மாதிரி. லென்ஸ் வைத்துப் பார்த்தால் உள்ளே இதயம் துடிப்பது தெரியும். குவளைத் தண்ணீரில் சோதிக்க வேண்டிய வேதிப்பொருள் கலந்திருக்கிறது. 48 மணி நேரம் கழித்து, குவளையை லேசாக ஆட்டிவிட்டு 15 நொடி பார்ப்பார்கள். அதற்குள் நீந்தாத தெள்ளு, முடங்கிய தெள்ளு.

இப்படிப் பல செறிவுகளில் பார்த்து, பாதித் தெள்ளுகளை முடக்கும் அளவைக் கணக்கிடுகிறார்கள். பாசிக்கு 72 மணி நேரச் சோதனை, மீனுக்கு 96 மணி நேரம்.

சரி, பாதி முடங்கும் அளவு தெரிந்துவிட்டது. மூன்றில் எது மிகக் குறைந்த அளவிலேயே பாதிக்கப்பட்டதோ, அந்த எண்ணை 1000-ஆல் வகுக்கிறார்கள். லிட்டருக்கு 500 மைக்ரோகிராம் என்றால், ஆற்றுக்குப் பாதுகாப்பான அளவு 0.5. ஏன் ஆயிரம்? இரண்டு நாள் சோதனையில் தெரியாதது இரண்டு வருடத்தில் தெரியலாம். தெள்ளு தாங்குவதை வேறோர் உயிர் தாங்காமல் போகலாம். குவளை வேறு, ஆறு வேறு. இதற்கெல்லாம் சேர்த்து உத்தேசமாக வைத்த எண் அது. இனப்பெருக்கம், வளர்ச்சி வரை பார்த்த நீண்டகாலச் சோதனைகள் மூன்று வகை உயிர்களுக்கும் இருந்தால் 10-ஆல் வகுத்தால் போதும் என்பார்கள்.

அடுத்தது ஆற்றின் பக்கம். கழிவுநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் இருக்கிறது என்று வையுங்கள். வெள்ளம் ஓடும்போது அது நூறு மடங்கு நீர்த்து 0.1 ஆகிறது, பாதுகாப்பு அளவான 0.5-ஆல் வகுத்தால் விகிதம் 0.2. கோடையில் பத்து மடங்குதான் நீர்க்கிறது என்றால் அதே கணக்கு 2. ஒன்றைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். குழாயில் வருவது கொஞ்சமும் மாறவில்லை, பாருங்கள்.

நேரமும் கணக்கில் உண்டு. அம்மோனியாவில் மீனுக்குக் கெடுதல் செய்வது பெரும்பாலும் மின்னூட்டமில்லாத வடிவம்தான். தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் மதிப்பு 7-லிருந்து 8-க்கு ஏறினால் அதன் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. பாசி மண்டிய ஆற்றில் வெயில் ஏற ஏற ஒளிச்சேர்க்கையால் பிஎச்சும் ஏறும். காலை ஏழு மணிக்கு மாதிரி எடுத்துவிட்டு 'பிரச்சினை இல்லை' என்று எழுதும் அறிக்கையை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

அப்புறம் கலவை. மூன்று பொருள்களின் விகிதங்கள் 0.4, 0.5, 0.3 என்றால் தனித்தனியாக எல்லாமே தேர்ச்சி. கூட்டினால் 1.2. ஆற்றில் இருக்கும் மீனுக்கு அவற்றைத் தனித்தனியாகச் சந்திக்கும் வசதி கிடையாது.

இவ்வளவு செய்தும் கணக்கு ஏமாற்றும். அமெரிக்காவின் சியாட்டில் பகுதி ஓடைகளில், மழை பெய்தால் போதும், முட்டையிட வந்த கோஹோ சால்மன் மீன்கள் சில மணி நேரத்தில் சுருண்டு செத்தன. பல வருடத் தேடலுக்குப் பிறகு 2020-இல் காரணம் தெரிந்தது. டயர் ரப்பரில் விரிசல் விழாமலிருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள், காற்றிலுள்ள ஓசோனுடன் சேர்ந்து 6பிபிடி-குயினோனாக மாறி, சாலைத் தண்ணீரோடு ஓடைக்கு வந்திருக்கிறது. லிட்டருக்கு 100 நானோகிராமுக்கும் குறைவான அளவே இளம் கோஹோக்களில் பாதியைக் கொல்லப் போதும். நெருங்கிய உறவான சம் சால்மன் அதே தண்ணீரில் சாவகாசமாக நீந்துகிறது. பின்னர் நீர்த்தெள்ளை வைத்துச் சோதித்தபோது ஒன்றும் சாகவில்லை. ஆயிரத்தால் வகுத்தாலும் இதைப் பிடித்திருக்க முடியுமா என்பது சந்தேகம்தான்.

அதனால்தான் ஆய்வாளர்கள் ஆற்றில் இறங்கிக் கல்லைப் புரட்டிப் பார்க்கிறார்கள். சுத்தமான ஓட்டத்தில் கல்லின் அடியில் மேஃபிளைப் பூச்சியின் இளம்பருவம் ஒட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் மூன்று மெல்லிய வால் இழைகள். அது மறைந்து, புழுக்களும் கொசு போன்ற ஒரு பூச்சியின் சிவப்பு நிறப் புழுக்களும் மட்டும் நெளிந்தால், தாளில் எல்லா விகிதமும் ஒன்றுக்குக் கீழே இருந்தாலும் சரி, கல்லைத்தான் நம்ப வேண்டும். முதலில் வண்டல் மூடியதா, ஆக்சிஜன் குறைந்ததா என்று பார்ப்பார்கள். இரண்டும் இல்லையென்றால், பட்டியலில் இல்லாத ஏதோ ஒரு பொருளைத் தேடி ஆய்வகத்துக்குத் திரும்ப வேண்டியதுதான்.