பவர் – முகவர் ஆவணம்

“அப்பா எனக்குப் பவர் எழுதிக் கொடுத்துட்டார்” என்று பத்திரப்பதிவு அலுவலக வாசலில் அடிக்கடி கேட்கலாம். நமக்காகச் செயல்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் ‘பவர் ஆஃப் அட்டர்னி’தான் பேச்சில் வெறும் பவராகச் சுருங்கிவிட்டது. ‘அட்டர்னி’ பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். தன் சார்பில் செயல்பட அமர்த்தப்பட்டவர் என்று பொருள். அந்தக் காலப் பத்திரங்களில் இதுவே ‘முக்தியார் நாமா’. முக்தியார் அரபுவழிச் சொல், ‘தேர்ந்தெடுக்கப்பட்டவர்’. இலங்கையில் ‘அற்றோணித் தத்துவம்’ என்பார்கள். அங்கே சட்டத் தமிழில் தத்துவம் என்றால் அதிகாரம்.

தமிழ்நாட்டில் ‘பொது அதிகார ஆவணம்’ என்று எழுதுகிறோம். எனக்கு ‘முகவர் ஆவணம்’ என்பதே சரியாகப் படுகிறது. அதிகாரம் என்றதும் சொத்தே கைக்கு வந்துவிட்டதாக ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. முகவரோ இன்னொருவரின் முகமாக நிற்பவர், அவ்வளவுதான்.

அந்த இன்னொருவர் சுயநினைவை இழந்துவிட்டால்? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 201ஆம் பிரிவின்படி, எழுதிக் கொடுத்தவர் இறந்தாலோ மனநிலை பிறழ்ந்தாலோ முகவர் உறவு முடிந்துவிடும். (அந்தச் சொத்தில் முகவருக்கே உரிமை இருந்தால் கதை வேறு.) அப்பாவுக்கு மறதி நோய் முற்றினால் உதவும் என்று வாங்கி வைத்த பவர், சரியாக அந்த நேரத்தில்தான் செல்லாமல் போகிறது. இது தெரியாமல் பழைய பவரைக் காட்டி வீட்டை விற்பவர்கள் பெரிய சிக்கலில் மாட்டுகிறார்கள்.

பவர் முடிந்தாலும் கடமை உடனே முடிவதில்லை. ஒப்படைத்த சொத்து பாழாகாமல் காக்க முகவர் நியாயமான எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்கிறது 209ஆம் பிரிவு. கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது 213. மருந்துக் கடை ரசீதைக்கூட எடுத்து வையுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

பவர் செல்லாமல் போனால், அப்புறம் நீதிமன்றம்தான் வழி. அது நியமிப்பவர் ‘கார்டியன்’, தமிழில் காப்பாளர். 2024இல் கோமாவில் இருந்த ஒருவரின் மனைவியைக் காப்பாளராக்கி, சொத்தை விற்கவும் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதித்தது. ஆனால் 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரிலேயே நிரந்தர வைப்பில் போடச் சொன்னது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை மட்டும் மனைவி எடுத்துக்கொள்ளலாம்.