நீலகிரி கட்டன் டீ: இலையிலிருந்து நிறமும் மணமும் இறங்குவது எப்படி?

நீலகிரித் தேயிலையில் பெரும்பங்கு சி.டி.சி. தூளாகத்தான் ஆலையை விட்டு வெளியே வருகிறது. பல் வைத்த உருளைகளுக்கு நடுவே கொழுந்தை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் சிறு மணிகளாக்கும் முறை அது. 1930களில் அசாமில் தொடங்கியது. பாலில் கொதிக்கவைத்துக் குடிக்க அதைவிடப் பொருத்தமான தூள் இல்லை. ஆனால் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து ஒரே தோட்டத்தின் ஆர்த்தடாக்ஸ் இலையை, அதாவது மணிகளாக்காமல் முழு இலையாகவே உருட்டி எடுத்ததை, வாங்கிவந்து, அதையும் அதே பழக்கத்தில் அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால், காசு கொடுத்து வாங்கிய மணம் சமையலறையோடு போய்விடும். கோப்பையில் துவர்ப்பு மட்டும் தங்கும்.

கடைகளில் கிடைக்கும் பெரிய பிராண்டுகள் பல தோட்டத்துத் தூள்களைக் கலந்து, ஆண்டு முழுக்க ஒரே சுவை வரும்படி பார்த்துக்கொள்கின்றன. எப்படிப் போட்டாலும் ஓரளவு ஒத்துவரும். ஒரே தோட்டத்து இலையில் அந்த ஒரே சீர் கிடையாது. ஜனவரியில் பறித்ததும் ஜூலை மழையில் பறித்ததும் வேறு வேறு சரக்கு. எனவே போடும் முறையை நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு இலைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது.

இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதைத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று செலுத்தி 12 முதல் 18 மணி நேரம் வாட்டுகிறார்கள். வாடிய இலை ஒடியாமல் வளையும். பிறகு உருட்டும் இயந்திரம். உருட்டும்போது இலையின் செல்கள் உடைகின்றன. அதுவரை தனித்தனி அறைகளில் இருந்த கேட்டகின் என்ற பாலிஃபீனால்களும், பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியும் ஒன்றோடொன்று கலந்து காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிகின்றன. பச்சை இலை செம்பு நிறமாகிறது. இதில் உண்டாகும் தியாஃபிளேவின் தேநீருக்குப் பொன்சிவப்பு நிறத்தையும் நாக்கில் சுறுசுறுப்பான துவர்ப்பையும் தருகிறது. தியாரூபிஜின் பழுப்பு நிறத்தையும் கனத்தையும் தருகிறது. அதே வேளையில் இன்னொரு நொதி, சர்க்கரையோடு பிணைந்து மணமில்லாமல் கிடந்த லினலூல், ஜெரானியால் போன்ற பொருள்களை விடுவிக்கிறது. நீலகிரித் தேநீரில் எழும் பூ வாசனை இவற்றால் வருவதுதான். யாரும் எசென்ஸ் சேர்ப்பதில்லை. கடைசியில் சுமார் 100 டிகிரி வெப்பக்காற்றில் உலர்த்தி நொதிகளை நிறுத்தி, ஈரப்பதத்தை 3 சதவீதத்துக்குக் கொண்டுவருகிறார்கள்.

இனி நம் வேலை, இவற்றைத் தண்ணீரில் இறக்குவது. எல்லாம் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. மணப்பொருள்களும் காஃபினும் முதலில் வரும். கனமான பாலிஃபீனால்கள் மெதுவாக வரும். தூளில் இந்த இடைவெளி மிகக் குறைவு, ஒரு நிமிடத்தில் எல்லாம் கலந்துவிடும். முழு இலையில் மூன்று, நான்கு நிமிடம் நீள்கிறது. எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை நாம் தேர்ந்தெடுக்கலாம். அரை நிமிடம் வெந்நீரில் கழுவிக் கொட்டிவிட்டால் காஃபின் போய்விடும் என்று சிலர் சொல்வது சரியல்ல. அதில் போவது காஃபினின் சிறு பகுதியும் நல்ல மணத்தின் பெரும் பகுதியும்தான்.

அளவு: 200 மில்லி தண்ணீருக்கு 2.5 கிராம் இலை. இதை ஸ்பூனால் அளக்கக் கூடாது. நீளமாகச் சுருண்ட இலை ஸ்பூனில் காற்றோடு நிற்கும். அதே ஸ்பூனில் தூள் எடை கூடுதலாக நிற்கும். 0.1 கிராம் காட்டும் சிறிய தராசு ஒன்று இருந்தால் பாதிக் குழப்பம் தீரும். தேநீர் சுவைப்போருக்கான ஐ.எஸ்.ஓ. 3103 தரநிலை 100 மில்லிக்கு 2 கிராம், 6 நிமிடம் என்கிறது. அது இலையின் குறைகளை வெளிக்கொண்டுவரும் அளவு. குடிப்பதற்கு அதைப் பின்பற்ற வேண்டாம்.

வெப்பம்தான் வீட்டில் அதிகம் தவறும் இடம். பிளாக் டீக்குத் தண்ணீர் நன்றாகத் தளதளவென்று கொதித்திருக்க வேண்டும். 28 டிகிரியில் இருக்கும் 300 கிராம் பீங்கான் கோப்பையில் 100 டிகிரி தண்ணீர் 200 மில்லி ஊற்றினால், பீங்கான் வெப்பத்தை இழுத்துக்கொண்டு தண்ணீர் சுமார் 83 டிகிரிக்கு இறங்கிவிடும். அந்த வெப்பத்தில் நிறம் வரும், கனம் வராது. "இலை சரியில்லை" என்று தூக்கிப் போடப்படும் தேநீர் பலவற்றில் குறை கோப்பையில்தான். முதலில் கொஞ்சம் கொதிநீர் ஊற்றிக் கோப்பையைச் சூடாக்கி, அதைக் கொட்டிவிட்டு, பிறகு இலையைப் போட்டுப் புதுக் கொதிநீர் ஊற்றி, தட்டால் மூடுங்கள். மூடாவிட்டால் சூடும் மணமும் சேர்ந்தே போகும்.

ஊர் உயரமும் கணக்கில் வரும். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடும்; 1,850 மீட்டரிலுள்ள குன்னூரில் சுமார் 94. சென்னையில் மூன்றரை நிமிடத்தில் இறங்குவதற்கு ஊட்டியில் நான்கரை நிமிடம் விடலாம். மலையில் சுற்றுலா போனபோது மென்மையாக இருந்த தேநீர் வீட்டுக்கு வந்ததும் முரட்டுத்தனமாக மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நேரத்தை மூன்றரை நிமிடத்தில் தொடங்குங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை குளிரில் மெல்ல வளர்ந்த இலைக்கு மணம் அதிகம், மூன்று நிமிடமே போதும். மழைக்காலத்து இலைக்கு நான்கு வரை விடலாம். நேரம் முடிந்ததும் இலையை முழுவதும் பிரித்துவிட வேண்டும். கெட்டிலுக்குள்ளேயே இலையை விட்டுவிட்டு ஊற்றி ஊற்றிக் குடித்தால் இரண்டாவது கோப்பை கசக்கத்தான் செய்யும். டீ வலுவில்லை என்று தோன்றினால் நேரத்தைக் கூட்டாதீர்கள், இலையை அரை கிராம் கூட்டுங்கள். நேரத்தைக் கூட்டினால் கசப்பு மட்டும் ஏறும்.

மேலே எண்ணெய் போல ஒரு படலம் மிதந்தால் குற்றம் இலையினுடையதல்ல. போர் தண்ணீரிலுள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் பாலிஃபீனால்களோடு சேர்ந்து அப்படி ஆகின்றன. அந்தத் தண்ணீரில் நிறமும் கறுத்து மங்கும். ஆர்.ஓ. தண்ணீர் இதைத் தீர்க்கும். டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 50 முதல் 100 வரை இருப்பது இந்த இலைக்கு நன்றாக ஒத்துவருகிறது. எலுமிச்சை பிழிந்தால் படலமும் கரையும், நிறமும் வெளிறும். அமிலத்தில் தியாரூபிஜின் நிறம் குறைவதால் அப்படி. இரண்டாவது முறை கொதிக்கவைத்த தண்ணீரில் ஆக்சிஜன் இருக்காது, டீ சப்பென்றிருக்கும் என்று பரவலாகச் சொல்கிறார்கள். கொதிக்கும் தண்ணீரில் முதல் முறையே ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லை. கவலை வேண்டாம்.

பால் ஊற்றினால் அதிலுள்ள கேசின் புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும், கூடவே பூ மணத்தையும் அமுக்கிவிடும். இந்த இலைக்குப் பால் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. சாப்பாட்டோடு குடிப்பதையும் தவிர்க்கலாம். கீரை, பயறு ஆகியவற்றின் இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதைத் தேநீர் குறைக்கும். ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள்.

ஆர்கானிக் என்ற சொல்லுக்கு இங்கே தனி அர்த்தம் உண்டு. பறித்ததிலிருந்து பாக்கெட்டில் அடைக்கும்வரை தேயிலையை யாரும் கழுவுவதில்லை. இலை முதன்முதலில் தண்ணீரைப் பார்ப்பது நம் கோப்பையில்தான். மேலே தெளித்த மருந்தில் நீரில் கரையக்கூடியது எதுவும் மிச்சமிருந்தால் அது தேநீருக்குள் இறங்கும். இந்தியாவின் ஆர்கானிக் உற்பத்தித் திட்டமான என்.பி.ஓ.பி. விதிப்படி தேயிலை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு மாற்றுக்காலம், அதாவது சாதாரண விவசாயத்திலிருந்து ஆர்கானிக்குக்கு மாறும் காலம், மூன்று ஆண்டுகள். பாக்கெட்டில் ஆர்கானிக் முத்திரையும் சான்று எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் அது சுவைக்கான சான்று இல்லை. வாட்டும்போதும் உருட்டும்போதும் கோட்டைவிட்ட ஆர்கானிக் தேயிலையும் சந்தையில் இருக்கிறது. ஊறிய இலையைத் தட்டில் கொட்டிப் பாருங்கள்: ஒரே சீரான செம்பு நிறமாக இருந்தால் ஆலையில் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது. பச்சைத் திட்டுகள் தெரிந்தால் ஆக்சிஜனேற்றம் பாதியில் நின்றிருக்கிறது. கறுத்திருந்தால் அளவு மீறிவிட்டது.

வாங்கிய பாக்கெட்டை மசாலா டப்பா பக்கத்திலும் அடுப்பு மேடையிலும் வைக்காதீர்கள். உலர்ந்த இலை ஈரத்தையும் வாசனையையும் சட்டென்று உறிஞ்சும். ஈரப்பதம் 6, 7 சதவீதத்தைத் தாண்டினால் மணம் வேகமாகப் பழசாகும். ஒளி புகாத, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, 100 கிராம் அளவில் வாங்கி, பிரித்த மூன்று மாதத்துக்குள் குடித்து முடித்துவிடுங்கள்.