பாட்டு முதலில் காதுக்கு, பிறகுதான் வாய்க்கு

மழலையர் வகுப்பில் இருபது குழந்தைகள் ஒரே குரலில் ஒரு பாட்டைச் சொல்லும்போது, அத்தனை பேரும் அதைக் கற்றுவிட்டார்கள் என்றுதான் ஆசிரியருக்குத் தோன்றும். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒருநாள் தொண்டை கட்டியிருந்ததால் நான் பாடாமல் குழந்தைகளின் முகங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் இருந்த நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் உதடுகள் மற்றவர்களைவிட ஒரு கணம் பிந்தியே அசைவதை அன்றுதான் கவனித்தேன். அவள் பாட்டைச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவளின் வாயைப் பார்த்துப் பார்த்துத் தன் வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். வகுப்பின் கூட்டுக்குரல் அவளை இரண்டு மாதங்களாக என் கண்ணிலிருந்து மறைத்து வைத்திருந்தது. அவள் கதையைப் பின்னால் சொல்கிறேன். என் கற்பிக்கும் முறையையே நான் சந்தேகிக்கத் தொடங்கியது அவளால்தான்.

பெரும்பாலான வகுப்புகளில் பாட்டுக் கற்பிப்பது என்றால், ஆசிரியர் ஒரு வரியைச் சொல்வதும் குழந்தைகள் அதைத் திருப்பிச் சொல்வதும்தான். பார்க்கச் சுறுசுறுப்பாக இருக்கும் இந்த முறையில் ஒரு குறை உண்டு. கேட்ட ஒலியை, உள்ளுக்குள் மீண்டும் சொல்லிப் பார்க்காமல், அப்படியே பிடித்துவைத்திருக்க மனித நினைவால் சுமார் இரண்டு நொடிகள்தான் முடியும். குழந்தைப் பாட்டின் ஒரு வரியும் ஏறக்குறைய அந்த நீளம்தான். ஆகவே வரியைக் கேட்ட உடனேயே திருப்பிச் சொல்லும் குழந்தை, மறைவதற்குள் அந்த ஒலியைக் கொட்டிவிடுகிறதே தவிர, அதைத் தனக்குள் சேர்த்துக்கொள்வதில்லை. போதாக்குறைக்கு, தன் முறை வரப்போகிறது என்ற பரபரப்பில் வரியின் கடைசிச் சொல் வருவதற்கு முன்பே அது வாயைத் திறந்துவிடுகிறது; கேட்பது அங்கேயே நின்றுபோகிறது.

இப்போது நான் செய்வது வேறு. பேச்சுக்கு ஏதாவது ஒரு பாட்டு வேண்டும் என்பதற்காக, வகுப்புக்கென்று நானே கட்டிய நான்கு வரிகளை இங்கே தருகிறேன்.

குட்டிக் குட்டிப் பூனை
எட்டிப் பார்க்கும் பானை
தட்டி விட்டால் உருளும்
குட்டிப் பூனை மிரளும்

முதல் மூன்று நாட்கள் இதைச் சொல்லும்படி நான் யாரையும் கேட்பதில்லை. குழந்தைகள் வட்டமாக உட்காரும்போது ஒருமுறை, கைகழுவ வரிசையில் நிற்கும்போது ஒருமுறை, பொம்மைகளை எடுத்துவைக்கும்போது ஒருமுறை என்று, என் போக்கில் முழுப்பாட்டையும் ஒரே வேகத்தில், ஒரே இடத்தில் மூச்செடுத்துச் சொல்வேன். நாளுக்கு நான்கைந்து முறை, ஒவ்வொரு முறையும் அரை நிமிடத்துக்கும் குறைவாக. ஒரே அமர்வில் இருபது முறை சொல்வதைவிட இப்படி இடைவெளிவிட்டுச் சொல்வதுதான் நினைவில் தங்குகிறது. இடைவெளியிட்ட பயிற்சியின் பயனை ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885-இலேயே எழுதிவைத்தார். ஆனாலும் நம் பாடவேளைகள் இன்றுவரை ஒரே மூச்சில் கற்பித்து முடிப்பதற்கே வசதியாக அமைந்திருக்கின்றன.

நான்காம் நாள், ‘குட்டிக் குட்டி’ என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுவேன். ‘பூனை’ என்ற சொல் எங்கிருந்தோ வந்துவிடும், பெரும்பாலும் நான் எதிர்பாராத குழந்தையிடமிருந்து. வரியின் கடைசிச் சொல்தான் காதில் முதலில் ஒட்டுகிறது. அதற்குப் பின்னால் வரும் சிறு மௌனமும், அடுத்த வரியில் அதே ஒலி திரும்ப வருவதும் அதற்கு உதவுகின்றன. இங்கே ஆசிரியருக்குத் தேவையானது பொறுமை. 1970-களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் வகுப்பறைப் பேச்சுகளைப் பதிவுசெய்து ஆராய்ந்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் விடைக்காகச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தது தெரியவந்தது. அதை மூன்று நொடிகளாக்கியதும் பேசாதிருந்த மாணவர்களும் பேசத் தொடங்கினார்கள். அவர் ஆராய்ந்தவை அறிவியல் வகுப்புகள் என்றாலும், நான்கு வயதுக் குழந்தைக்கு அந்த மூன்று நொடி இன்னும் அதிகமாகவே தேவைப்படும். நிறுத்திவிட்டு மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பாருங்கள். அது எவ்வளவு நீண்ட மௌனம் என்பது அப்போதுதான் தெரியும். கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி அரைவரி, பிறகு முழுவரி என்று குழந்தைகளிடம் ஒப்படைத்துக்கொண்டே போனால், இரண்டாவது வாரத்தின் இறுதியில் பாட்டு அவர்களுடையதாகிவிடும். இப்படிச் செய்தால் ஆண்டுக்கு முப்பது பாட்டுகளை முடிக்க இயலாது என்பது உண்மைதான். முடிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

தமிழ்க் குழந்தைக்குப் பாட்டைக் கேட்பது கூடுதலாக ஒரு வேலையையும் செய்கிறது. வீட்டில் அது கேட்பது பேச்சுத் தமிழ். நாளை புத்தகத்தில் காணப்போவது எழுத்துத் தமிழ். ‘வருது’ என்பதற்கும் ‘வருகிறது’ என்பதற்கும், ‘பாக்குது’ என்பதற்கும் ‘பார்க்கிறது’ என்பதற்கும் இடையே உள்ள தூரம் பெரியவர்களுக்குப் பழகிப்போனதால் தெரிவதில்லை. முதன்முதலில் படிக்கும் குழந்தைக்கு அது கிட்டத்தட்ட அடுத்த ஊர்ப் பேச்சைப் போன்றது. எழுத்துத் தமிழின் சொல்முடிவுகளும் வாக்கிய அமைப்பும், பாடம் என்ற மிரட்டல் இல்லாமல், குழந்தையின் காதுக்குள் முதலில் நுழைவது பாட்டின் வழியாகத்தான். அந்த நுழைவு அவ்வளவு எளிதாக நடப்பதில்லை. மேலே சொன்ன பாட்டை ஒரு சிறுவன் இரண்டு வாரம் ‘எட்டிப் பாக்கும் யானை’ என்றே பாடிக்கொண்டிருந்தான். ‘பூனை எட்டிப் பார்க்கும் பானை’ என்ற எழுத்துத் தமிழின் தலைகீழ் அமைப்பு அவனுக்குப் பிடிபடவில்லை. எட்டிப் பார்ப்பது என்றால் உயிருள்ள ஒன்றுதான் பார்க்க வேண்டும் என்பது அவன் கணக்கு. ஆகவே பானைக்கு உயிர் கொடுத்து யானையாக்கிவிட்டான். ‘தட்டிவிட்டால் யானை உருளுமா மிஸ்?’ என்று அவனே வந்து கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. அந்த இரண்டாம் வரியை எழுதியவள் நான்தானே! மறுநாள் ஒரு மண்பானையையும் துணிப்பூனையையும் கொண்டுவந்து பாட்டை நடத்திக் காட்டினேன். குழந்தை தவறாகப் பாடுவது பெரும்பாலும் கவனக்குறைவால் அல்ல. கேட்ட ஒலியிலிருந்து பொருள் காண அது செய்யும் முயற்சியே அது. ஆகவே திருத்துவதற்கு முன் அது என்ன கேட்டது என்று விசாரித்துவிடுவது நல்லது.

எதுகை மோனை பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலக் குழந்தைப் பாட்டில் ஒலியொற்றுமை பெரும்பாலும் அடியின் இறுதியில் வரும். தமிழில் அந்த இயைபோடு, சொற்களின் முதலெழுத்து ஒன்றுவதாகிய மோனையும், இரண்டாம் எழுத்து ஒன்றுவதாகிய எதுகையும் உண்டு. குட்டி, எட்டி, தட்டி என்று கேட்டுக் கேட்டுப் பழகிய குழந்தை, ஒருநாள் தானாகவே ‘பெட்டி, வட்டி, சட்டி’ என்று அடுக்கத் தொடங்கும். அவற்றில் சில சொல்லே அல்லாதவையாகவும் இருக்கும், இருக்கட்டும். சொல்லின் பொருளை ஒதுக்கிவைத்துவிட்டு, அதன் ஒலியைத் தனியே கழற்றி விளையாட அதற்குத் தெரிந்துவிட்டது என்பதே அதன் பொருள். எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கு அடிப்படையான திறன் இதுவே. பீட்டர் பிரையன்ட், லினெட் பிராட்லி ஆகியோரும் அவர்களது சக ஆய்வாளர்களும் 1989-இல் வெளியிட்ட ஆய்வில் 64 ஆங்கிலக் குழந்தைகளை மூன்று வயது முதல் ஆறு வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். மூன்று வயதில் குழந்தைப் பாட்டுகளை நன்றாக அறிந்திருந்தவர்களே பின்னாளில் படிப்பதிலும் எழுத்துக்கூட்டுவதிலும் முன்னே நின்றார்கள். குடும்பப் பின்னணியையும் நுண்ணறிவு அளவையும் கணக்கில் கொண்ட பிறகும் அந்தத் தொடர்பு நீடித்தது. இதை வைத்துப் பாட்டுச் சொன்னால் எல்லாக் குழந்தையும் படித்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். பாட்டு நேரத்தைப் பாடத்துக்கு முந்தைய பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடக் கூடாது என்று சொல்ல அது போதும்.

பெற்றோர் கூட்டத்தில் தவறாமல் எழும் கேள்வி, கைபேசியில் பாட்டைப் போட்டுக் காட்டினால் போதாதா என்பது. பாட்ரிசியா கூல் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு நல்ல விடை. ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகள், மாண்டரின் சீனம் பேசுவோர் நேரில் உட்கார்ந்து விளையாடிப் பேசிய பன்னிரண்டு அமர்வுகளில் அம்மொழியின் ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அதே ஆட்களை, அதே பேச்சைக் காணொளியாகவும் ஒலிப்பதிவாகவும் பெற்ற குழந்தைகள் எதையும் பிடிக்கவில்லை. மழலையர் வகுப்புக் குழந்தை அதைவிடப் பெரியதுதான், பதிவிலிருந்தும் ஓரளவு கற்கும். ஆனால் ‘குட்டிக் குட்டி’ என்று பாதியில் நிறுத்திவிட்டு அதன் முகத்தைப் பார்த்துக் காத்திருக்கக் கைபேசிக்குத் தெரியாது. படமும் அசைவும் கண்ணை இழுத்துக்கொள்ளும்போது காது பின்வாங்கிவிடுகிறது என்பதையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

குரல் விஷயத்தில் ஆசிரியர்களாகிய நாம் இரண்டு தவறுகளைச் செய்கிறோம். ஒன்று, நமக்கு வசதியான தாழ்ந்த சுருதியில் பாட்டைத் தொடங்குவது. குழந்தையின் குரல்வளை சிறியது, அதன் இயல்பான குரல் நம்முடையதைவிட உயர்ந்தது. நம் சுருதிக்கு இறங்க முடியாமல் அது பாட்டை விட்டுவிட்டு வெறும் பேச்சாக முணுமுணுக்கத் தொடங்கும். சற்று உயர்த்தித் தொடங்கினால் போதும். மற்றொன்று, ‘இன்னும் சத்தமா!’ என்று உற்சாகப்படுத்துவது. கத்தும் குழந்தையால் தன் குரலையும் கேட்க முடியாது, பக்கத்துக் குரலையும் கேட்க முடியாது. தாளம் முதலில் சிதையும். தொடர்ந்து கத்துவதால் குரல்நாண்களில் சிறு முடிச்சுகள் தோன்றிக் குரல் கரகரப்பாகும் குழந்தைகளும் உண்டு. மெதுவாகச் சொல்லும் பாட்டைக் கேட்கக் குழந்தைகள் தாமாகவே அமைதியாவார்கள்.

கையசைவுகளைப் பொறுத்தவரை என் சக ஆசிரியர்கள் பலர் என்னோடு உடன்படமாட்டார்கள். முதல் நாளே வரிக்கு வரி அபிநயம் கற்பிப்பதை நான் நிறுத்திவிட்டேன். குழந்தைகள் கையைச் சரியாக அசைத்துக்கொண்டு வாயைச் சும்மா வைத்திருப்பார்கள். நாமும் கையைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுவோம். பாட்டு காதில் பதிந்த பிறகு, தாளம் விழும் இடத்தில் ஒரு தட்டு மட்டும் சேர்க்கிறேன்.

உச்சரிப்புத் திருத்தத்தில் அவசரம் வேண்டாம். ர, ற, ழ, ள ஆகிய ஒலிகள் நாக்குக்குப் படிய நாளாகும்; ‘உருளும்’ என்பதை ‘உலுலும்’ என்று சொல்லும் நான்கு வயதுக் குழந்தையை நிறுத்தி, நாக்கை மடித்துக் காட்டி, பத்து முறை சொல்ல வைத்தால், அடுத்த நாள் அது அந்த வரியில் வாயை மூடிக்கொள்ளும். அடுத்த முறை பாடும்போது நாம் அந்தச் சொல்லைத் தெளிவாகச் சொன்னால் போதும். வீட்டுக்கு வந்த விருந்தினர் முன் ‘மாமாவுக்குப் பாடிக் காட்டு’ என்று நிறுத்தி வைப்பதும் இதே விளைவைத்தான் தருகிறது. பாடாத குழந்தைக்குப் பாட்டுத் தெரியாது என்று பெற்றோர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அதே குழந்தை குளிக்கும்போது முழுப்பாட்டையும் சொல்லிக்கொண்டிருக்கும்.

ஆனால் தனிமையிலும் சொல்லாத குழந்தை வேறு. அந்தச் சிறுமியின் தாயிடம் கேட்டபோது, வீட்டிலும் அவள் பாடுவதில்லை, கூப்பிட்டால் சில நாள் திரும்புகிறாள், சில நாள் திரும்புவதில்லை, சளி பிடித்தால் இன்னும் மோசம் என்றார். காது மூக்குத் தொண்டை மருத்துவர் பார்த்துவிட்டு, இரு காதுகளிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருப்பதாகச் சொன்னார். தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் குழாய் சிறு குழந்தைகளுக்குக் குட்டையாகவும் கிடைமட்டமாகவும் இருப்பதால் இது அவர்களிடையே பரவலாகக் காணப்படுகிறது. பெரும்பாலும் வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை என்பதால் யாரும் சந்தேகிப்பதில்லை. உயிரொலிகள் ஓரளவு கேட்கும். மெல்லிய மெய்யொலிகள் நழுவிவிடும். பலருக்குச் சில மாதங்களில் தானாகவே வடிந்துவிடும் என்றாலும், மருத்துவரின் கண்காணிப்பும் செவித்திறன் பரிசோதனையும் அவசியம். பேச்சுக் கற்கும் வயதில் சில மாதங்கள் சிறிய காலம் அல்ல.

அதன் பிறகு வகுப்பில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். வாரத்தில் ஒருநாள், என் வாயை ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு, பாட்டில் ஒரு சொல்லை வேண்டுமென்றே மாற்றிச் சொல்வேன். யார் சிரிக்கிறார்கள், யார் மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று கவனிப்பேன். இது பரிசோதனைக்கு மாற்று அல்ல. யாரைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்ல வேண்டும் என்பதற்கு ஒரு குறிப்பு, அவ்வளவே. அந்தச் சிறுமியை நான் முன்வரிசையில் என் அருகிலேயே உட்கார வைத்திருந்தேன். நான்கு மாதங்களுக்குப் பிறகு ஒருநாள், அட்டைக்குப் பின்னாலிருந்து ‘எட்டிப் பார்க்கும் யானை’ என்றேன். மற்றவர்கள் சிரிக்கத் தொடங்குவதற்கு முன்பே அவள் என் முழங்காலைத் தட்டி, ‘பானை மிஸ்’ என்றாள்.