இலத்திரனியல் வாய்மொழியாம்!

மட்டக்களப்புக் கல்லடியில் மச்சாள் வீட்டுக்கு ஒரு பல்கலைக்கழகப் பிள்ளை ஆய்வுக்கென்று வினாக்கொத்து கொண்டுவந்திருந்தாள். அதில் ஒரு வரி: ‘இலத்திரனியல் வாய்மொழி எனது கொள்வனவு நோக்கத்தில் செல்வாக்குச் செலுத்துகின்றது.’ மச்சாள் இரண்டு தரம் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். “இதென்ன மச்சாள், கோல் எடுத்துக் கதைக்கிறதையா கேக்கிறாங்க?”

இந்தச் சொல் என் கண்ணில் படுவது இது முதல் தடவையல்ல.

இந்த ‘வாய்மொழி’ ஆங்கிலத்தில் ‘வேர்ட் ஒஃப் மவுத்’. எழுதாமல் வாயால் சொல்வது என்பது பழைய பொருள். விற்பவனல்லாத ஒருவர் இன்னொருவருக்குப் பொருளைப் பற்றிச் சொல்வது என்று சந்தைப்படுத்தல் துறை அதை எடுத்துக்கொண்டது. 2004இல் ஹெனிக்-துரா என்ற சந்தைப்படுத்தல் ஆய்வாளரும் கூட்டாளிகளும் அதன் இணைய வடிவத்துக்கு ஒரு வரையறை தந்தார்கள்: வாங்கியவரோ வாங்கக்கூடியவரோ நல்லதாகவோ கெட்டதாகவோ சொல்லி, பலர் பார்க்க இணையத்தில் கிடப்பது. அவ்வளவுதான்.

இதற்குப் போய் ‘வாய்மொழி’யா? தமிழில் அது ஏற்கெனவே வேலையில் இருக்கும் சொல். வாய்மொழி இலக்கியம், வாய்மொழிப் பரீட்சை என்றால் எழுதாதது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நம்மாழ்வார் பாடியது திருவாய்மொழி. ரைஸ் குக்கருக்குக் கீழே ஒருவர் ‘மூன்று மாதத்தில் பழுது’ என்று எழுதியதும் வாய்மொழியாம்! தட்டச்சில் எழுதியது எப்படி வாய்மொழியாகும்? முன்னால் ‘இலத்திரனியல்’ ஒட்டினால் முரண் தீராது, கூடும். ஆங்கிலக்காரனுக்கு அந்தத் தொடர் பழகி வாய் மறந்துபோயிற்று. நமக்கு மறக்கவில்லையே.

‘அலர்’ என்று வைக்கலாமே என்றார் தமிழ் படித்த ஒரு நண்பர். அழகுதான், ஆனால் அலர் காதலர் பற்றி ஊர் பேசுவது. குறளில் அதற்கு ஓர் அதிகாரமே உண்டு. குக்கருக்கு வேண்டாம்.

நான் ‘ஊர்ப்பேச்சு’ என்பேன். இணையத்தில் நடந்தால் ‘இணையப் பேச்சு’. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட ஒண்ணாது என்கிறோமே, அந்த ஊர்வாய்தான் இது. வம்பு மாதிரி ஒலிக்கிறதாம். ஒலிக்கட்டும், கெட்டதும் வரையறைக்குள்தானே வருகிறது? எழுதுவதைப் பேச்சு என்கலாமா என்றால், ஊரே பேசுகிறது என்னும்போது நாம் வாயை நினைப்பதில்லை.

‘பிராண்ட் இமேஜ்’ என்பதற்கு வைத்திருக்கும் ‘வர்த்தகநாமப் பிம்பம்’ இன்னொரு கொடுமை. பிராண்ட் என்பது ஆதியில் சூட்டுக்குறி. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் மாட்டுக்குக் குறி சுட்டவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அதன் பிம்பத்தை நாம் ‘பெயர்’ என்கிறோம். அந்தக் கொம்பனிக்கு நல்ல பெயர், இந்தக் கடையின் பெயர் கெட்டுப்போயிற்று. ‘கொள்வனவு நோக்கம்’ அல்ல, ‘வாங்கும் எண்ணம்’. இணையப் பேச்சு பெயரை ஆக்குகிறது அல்லது கெடுக்கிறது, பெயர் வாங்கும் எண்ணத்தை மாற்றுகிறது: முழு ஆய்வும் இந்த ஒரு வரிக்குள் வந்துவிடும். சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய சுவாமி விபுலாநந்தர் இங்கே கிழக்கிலங்கையின் காரைதீவுக்காரர். அந்த மண்ணிலிருந்துகொண்டு அகராதியில் முதலில் அகப்பட்டதை எடுத்து ஒட்டுகிறோம்.

மச்சாளிடம் விளக்கினேன். “கமெண்டா? அது பாக்காம நான் ஒண்டும் வாங்கமாட்டனே” என்றாள். ஆனால் தாளில் அந்தப் பகுதி முழுக்க ‘நடுநிலை’ என்று ஏற்கெனவே சரி போட்டுக் கொடுத்துவிட்டிருந்தாள்.