'வேண்டாம்' என்றால் கூடாதா, தேவையில்லையா?

பாம்பன் பக்கம் காற்று மாறும் நாட்களில் எல்லாருடைய போனிலும் ஒரே செய்திதான் ஓடும். மன்னார் வளைகுடா, குமரிக்கடல் பகுதிகளில் இத்தனை கிலோமீட்டர் வேகத்தில் சூறைக்காற்று வீசக்கூடும், மீனவர்கள் இப்பகுதிகளுக்குச் செல்ல வேண்டாம் என்று அறிவுறுத்தப்படுகிறார்கள். சாயங்காலம் என்னிடம் இங்கிலீஷ் படிக்க வரும் பையன்கள், கப்பல் வேலைக்கோ வளைகுடா நாட்டு மீன்பிடிப் படகுக்கோ போக ஆசைப்படுகிறவர்கள், அந்தக் கடைசி வரியை ஒருநாள் மொழிபெயர்க்கச் சொன்னேன். பதினோரு பேரில் ஏழு பேர் 'மஸ்ட் நாட் கோ' என்று எழுதியிருந்தார்கள், நாலு பேர் 'நீட் நாட் கோ'. முதலாவது, போகவே கூடாது. இரண்டாவது, போகத் தேவையில்லை, போனால் உன் இஷ்டம். புயல் வரும் நேரத்தில் இந்த இரண்டும் ஒன்றா?

அந்த நாலு பேர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. 'வேண்டாம்' என்ற நம்முடைய சொல்லே இரண்டையும் சுமக்கிறது. "நாளைக்கு நீங்க சிரமப்பட்டு வர வேண்டாம், நானே கொண்டாந்து தர்றேன்" என்றால் வரத் தேவையில்லை என்று பொருள். வந்தால் டீ கிடைக்கும். "அந்தப் பக்கம் போக வேண்டாம், சொல்லிட்டேன்" என்று அப்பா சொன்னால் அது தடை. யார் சொல்கிறார், எந்தக் குரலில் சொல்கிறார் என்பதை வைத்து நாம் நொடியில் பிரித்துக்கொள்கிறோம், யோசிப்பதுகூட இல்லை. இங்கிலீஷில் அந்த வேலையைக் குரலிடம் விடாமல் தனித்தனிச் சொல்லிடம் கொடுத்திருக்கிறார்கள், அங்கேதான் நம் ஆட்கள் சறுக்குகிறார்கள்.

தங்கச்சிமடத்துப் பையன் ஒருவன் வளைகுடாவில் படகு வேலைக்குப் போன முதல் மாதம், முதலாளியின் ஆள் வந்து "யூ டோன்ட் ஹேவ் டு கம் டுமாரோ" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இவன் மனசுக்குள் அதைத் தமிழாக்கிப் பார்த்திருக்கிறான்: நாளைக்கு நீ வர வேண்டாம். வேலை போய்விட்டது என்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்து, வாங்கிய கடனை எப்படி அடைப்பது என்று ஊருக்குப் போன் போட்டு அழுதிருக்கிறான். அந்த ஆள் சொன்னது அவ்வளவுதான்: நாளைக்கு வேலை கம்மி, நீ வந்துதான் ஆகணும்னு இல்லை, ஓய்வெடு. ஒரு சொல்லின் இரண்டு பொருளுக்கு நடுவில் ஒரு ராத்திரி போய்விட்டது.

இது எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். கடமையைச் சொல்லும் எந்த வாக்கியத்திலும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன: ஒன்று செயல், இன்னொன்று அந்தச் செயலோடு நம்மைக் கட்டும் கயிறு. எதிர்மறை வரும்போது 'இல்லை' என்பது கயிற்றின் மேல் விழலாம், செயலின் மேலும் விழலாம். கயிற்றின் மேல் விழுந்தால் கயிறு அவிழ்ந்துவிடுகிறது, படகு போகலாம், நிற்கலாம்; இதுதான் 'டோன்ட் ஹேவ் டு', 'நீட் நாட்'. செயலின் மேல் விழுந்தால் கயிறு அப்படியே இருக்கிறது, ஆனால் இப்போது 'போகாமல் இரு' என்பதோடு நம்மைக் கட்டுகிறது. இதுதான் 'மஸ்ட் நாட்'. தமிழில் முதலாவதை 'போக வேண்டியதில்லை' என்றும் இரண்டாவதைப் 'போகக் கூடாது' என்றும் குழப்பமில்லாமல் சொல்ல வழி இருக்கிறது. 'வேண்டாம்'தான் இரண்டு பக்கமும் சாயும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விசைப்படகு கடலுக்குப் போவது 'மஸ்ட் நாட்'. அதே நாட்களில் நாட்டுப்படகுக்காரர்கள் தொழிலை நிறுத்த 'டோன்ட் ஹேவ் டு'. ஒரே கரை, ஒரே தேதி, இரண்டு 'நாட்', ஒன்று கட்டிப்போடுகிறது, மற்றது அவிழ்த்துவிடுகிறது. இந்த உதாரணத்துக்கு அப்புறம் பையன்கள் யாரும் இந்த இரண்டையும் மாற்றி எழுதவில்லை.

'மஸ்ட்' என்பது கட்டாயம் என்றால் 'மஸ்ட் நாட்' கட்டாயமில்லை என்றுதானே வரணும் என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. பழைய இங்கிலீஷில் 'மோட்டன்' என்று ஒரு வினை இருந்தது, அதற்கு முதலில் 'அனுமதி இருக்கிறது' என்ற பொருள்; 'மஸ்ட்' அதன் இறந்தகால வடிவத்திலிருந்து வந்தது. அனுமதி என்ற அந்தப் பழைய பொருளை மனசில் வைத்துக்கொண்டால் 'மஸ்ட் நாட்' அனுமதி இல்லை என்று தானாகவே நிற்கும். நம் 'கூடாது'வும் இதே வழியில் வந்ததுதான். கூடும் என்றால் இயலும், வாய்க்கும். மழை பெய்யக்கூடும் என்கிறோம். அதன் மறுப்பு 'இயலாது' என்பதோடு நிற்காமல் தடையாகிவிட்டது.

சரி, 'இல்லை' வராத உடன்பாட்டு வாக்கியங்களுக்கு வருவோம். 'மஸ்ட்', 'ஹேவ் டு' இரண்டையும் 'வேண்டும்' என்றுதான் பள்ளிக்கூடத்தில் எழுதிப் போடுகிறார்கள். 'மஸ்ட்' சொல்லும்போது கட்டாயம் பெரும்பாலும் சொல்கிறவரிடமிருந்தே கிளம்புகிறது, 'ஹேவ் டு' வெளியிலிருந்து வருகிறது, சட்டமோ சூழ்நிலையோ வாங்கின முன்பணமோ. தமிழில் இதற்கு அழகான வேறுபாடு இருக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை. 'நான் போகணும்' ஒன்று, 'போக வேண்டியிருக்கு' இன்னொன்று, 'போயாகணும்' மற்றொன்று. முன்பணம் வாங்கினவன் காய்ச்சலோடு கடலுக்குக் கிளம்பும்போது 'போக வேண்டியிருக்கு' என்பான். அதில் அவன் விருப்பம் துளியும் இல்லை என்பது கேட்கிறவருக்குத் தெரிந்துவிடும். அதுதான் 'ஹேவ் டு'. பத்திரிகை வைக்க வருகிறவர் "கண்டிப்பா குடும்பத்தோட வரணும்" என்று சொல்வது 'யூ மஸ்ட் கம்'. கட்டாயம் போல இருந்தாலும் அது பாசம். அதையே 'யூ ஹேவ் டு கம்' என்றால் சில இடங்களில் சம்மன் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

'மஸ்ட்' குறைந்துகொண்டும் வருகிறது. பிரிட்டனில் 1961-லும் 1991-லும் அச்சான எழுத்துகளிலிருந்து தலா பத்து லட்சம் சொற்களைத் திரட்டி ஒப்பிட்டுப் பார்த்த ஜெஃப்ரி லீச் என்ற மொழியியலாளர், அந்த முப்பது வருடத்தில் 'மஸ்ட்' கால்பங்குக்கு மேல் குறைந்திருப்பதைக் காட்டினார். 'ஷல்' அதைவிட வேகமாகச் சரிந்தது. அதே காலத்தில் 'நீட் டு' போன்றவை ஏறின. ஆள் மேல் ஏறி நின்று கட்டளையிடுவது அந்தச் சமூகத்துக்குக் கூச்சமாகிவிட்டதுதான் காரணம் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள், எனக்கு அது சரியென்றே படுகிறது. அதனால் பையன்களிடம் நான் சொல்வது: மேலதிகாரி 'யூ நீட் டு' என்று மெதுவாகச் சொன்னாலும் அது கட்டளைதான், பல்லைக் காட்டிவிட்டு நிற்காதே.

இனி 'ஷுட்'. அறிவுரைச் சொல். எனக்கு ரொம்பப் பிடித்தது இதன் பூர்விகம். 'ஷுட்' என்பது 'ஷல்' என்பதன் இறந்தகாலம். பழைய இங்கிலீஷில் 'ஷல்' என்பதற்குக் கடன்பட்டிருக்கிறேன் என்று பொருள். அதன் ஜெர்மன் உறவுச் சொல்லான 'ஷுல்ட்' இன்றைக்கும் கடனையும் குற்றத்தையும் சேர்த்தே குறிக்கிறது. 'ஆட் டு' (ought to) என்ற இன்னொரு அறிவுரைச் சொல்லும், கடன்பட்டிருப்பதைக் குறிக்கும் 'ஓ' (owe) என்ற வினையின் பழைய இறந்தகாலம்தான். அதாவது ஒரு இங்கிலீஷ்காரர் 'யூ ஷுட்' என்று சொல்லும்போது, அவருக்கே தெரியாமல், நீ கடன்பட்டிருந்தாய் என்று சொல்கிறார். நம் ஊரில் இதை விளக்கவே வேண்டியதில்லை. தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் இறங்கி நிற்கும் கூட்டம் என்ன செய்கிறது? பித்ருக்கடன் தீர்க்கிறது. நேர்த்திக்கடன், நன்றிக்கடன், ஏன், காலைக்கடன்கூடக் கடன்தான். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'கடமை' என்பது நிலத்துக்குக் கட்டும் வரியின் பெயர். செய்ய வேண்டியது என்பதை இரண்டு மொழிகளும், ஒன்றையொன்று பார்க்காமலே, கொடுக்க வேண்டியது என்றுதான் யோசித்திருக்கின்றன.

இந்தச் சொற்கள் பழைய இறந்தகால வடிவம் என்பதால்தான் 'ஹி மஸ்ட்ஸ்', 'ஹி ஷுட்ஸ்' என்று 'ஸ்' சேராது. இறந்தகால வினையில் 'ஸ்' ஒட்டாது, அவ்வளவுதான். இதை யாராவது எனக்குப் பத்தாம் வகுப்பிலேயே சொல்லியிருந்தால் விதியாக மனப்பாடம் செய்திருக்க மாட்டேன்.

'ஹேட் பெட்டர்' என்று ஒன்று உண்டு, அதை எச்சரிக்கையாகக் கையாள வேண்டும். 'போவது நல்லது' என்று புத்தகங்களில் பொருள் போடுகிறார்கள், அதைப் பார்த்துவிட்டு மரியாதையான அறிவுரை என்று நினைத்துப் பெரியவர்களிடம் பயன்படுத்துகிறார்கள். உண்மையில் அதில் 'இல்லாவிட்டால் பார்' என்ற ஒரு வால் இருக்கிறது. சின்னவன் கேப்டனிடம் 'யூ ஹேட் பெட்டர் கோ' என்றால் மிரட்டல் மாதிரி விழும்.

அப்புறம் கடல். கப்பல்கள் மோதிக்கொள்ளாமல் இருக்க 1972-ல் எழுதி 1977-ல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு விதிகள், கட்டாயத்தையெல்லாம் 'ஷல்' என்ற சொல்லால் சொல்கின்றன. எல்லாக் கப்பலும் எந்நேரமும் கண்ணாலும் காதாலும் கவனித்தபடி இருக்க வேண்டும் என்ற 5-வது விதியில் வருவது 'ஷல்'. 17-வது விதி அதைவிடச் சுவாரஸ்யம். இரண்டு கப்பல்களில் ஒன்று விலகிப் போக வேண்டியது, மற்றது நேராகவே போக வேண்டியது. நேராகப் போகும் கப்பல் தன் திசையையும் வேகத்தையும் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும், இது 'ஷல்'. விலக வேண்டியவன் விலகவில்லை என்று தெரிந்தால் தானே நடவடிக்கை எடுக்கலாம், இது 'மே'. அவன் மட்டும் விலகினால் மோதல் தவிராது என்ற அளவுக்கு நெருங்கிவிட்டால் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும், மறுபடியும் 'ஷல்'. தூரம் குறையக் குறைய வினை மாறுகிறது பாருங்கள்: வேண்டும், லாம், ஆகவேண்டும். அந்த மூன்று சிறு சொற்களைச் சரியாகப் படிக்காத ஒருவன் கப்பலின் மேல்தளத்தில் நின்று ராத்திரி காவல் பார்த்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

எழுத்தில் இது செல்லும். வி.எச்.எஃப். என்ற கப்பல் வானொலிக் கருவியில் இரைச்சலுக்கு நடுவே, ஒரு நாட்டுக்காரர் இன்னொரு நாட்டுக்காரரிடம் பேசும்போது செல்லாது. அதனால் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001-ல் ஏற்றுக்கொண்ட கடல்வழிப் பேச்சுத் தொடர்களில், 'மே', 'மைட்', 'ஷுட்', 'குட்' ஆகியவற்றைக் குழப்பும் சொற்கள் என்று குறிப்பிட்டுத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். 'யூ ஷுட் ஆங்கர்' என்று சொல்லாதே. முதலில் 'அட்வைஸ்' என்று தெளிவாகச் சொல், பிறகு நங்கூரமிடச் சொல். அனுமதி கேட்க 'மே ஐ என்டர்' என்று இழுக்காதே, 'கொஸ்டியன்' என்று சொல்லிவிட்டு, எனக்கு அனுமதி இருக்கிறதா என்று கேள். இப்படி எட்டு அடையாளச் சொற்கள் இருக்கின்றன. 'இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்றால் சொல்கிறவருக்கு அதிகாரம் இருக்கிறது, கேட்டாக வேண்டும். 'அட்வைஸ்' என்றால் பரிந்துரை, முடிவு கேட்கிறவர் கையில். குரலையும் முகத்தையும் நம்பி நாம் செய்யும் வேலையை, 'மஸ்ட்', 'ஷுட்' என்று சொல்லுக்குள் ஒளித்து இங்கிலீஷ் செய்யும் வேலையை, இங்கே வெளியே எடுத்து வாக்கியத்தின் வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு அந்த வானிலைச் செய்தியைத் திரும்பப் படியுங்கள். 'செல்ல வேண்டாம் என்று அறிவுறுத்தப்படுகிறார்கள்'. அதுவும் வாசலில் அடையாளம் வைத்த வாக்கியம்தான், என்ன, அடையாளம் கடைசியில் வருகிறது. அறிவுறுத்தல், அதாவது 'அட்வைஸ்'. ஆனால் அதே நாளில் மீன்வளத்துறை விசைப்படகுகளுக்குக் கடலுக்குப் போகும் அனுமதி டோக்கன் கொடுப்பதை நிறுத்தினால் அது 'இன்ஸ்ட்ரக்‌ஷன்' ஆகிவிடுகிறது. தமிழில் சொல் மாறவில்லை, 'வேண்டாம்'தான், கயிறு மட்டும் மாறிவிட்டது. நான் அந்த நாலு பையன்களுக்கும் அன்றைக்கு இதைத்தான் காட்டினேன்.

கடைசியாக ஒன்று. இதற்கு இன்னும் எனக்குச் சரியான மொழிபெயர்ப்பு கிடைக்கவில்லை. படகு வரத் தாமதமாகும் நாட்களில் கரையில் நிற்கும் பெண்கள் சொல்லும் சொல் 'வந்திருக்கணும்'. தமிழில் இது இரண்டாகப் பிரியும். "இந்நேரம் மண்டபத்துப் பக்கம் வந்திருக்கணும்" என்று ஒருத்தி சாதாரணமாகச் சொன்னால், வந்திருப்பார்கள் என்ற ஊகம். இங்கிலீஷில் 'மஸ்ட் ஹேவ் கம்', மனசு நிம்மதியாக இருக்கிறது. "இந்நேரம் வந்திருக்கணுமே" என்று பக்கத்தில் நிற்பவள் சொன்னால், வர வேண்டிய நேரம் தாண்டிவிட்டது, வரவில்லை. இங்கிலீஷில் 'ஷுட் ஹேவ் கம்'. நடுவில் இருப்பது ஓர் ஏகாரம், அவ்வளவுதான். மஸ்ட், ஷுட் என்று இரண்டு சொல் வைத்து இங்கிலீஷ் பிரிக்கும் இடத்தை நாம் ஓர் எழுத்தால் பிரித்துவிடுகிறோம். அந்த ஏகாரம் விழுந்த உடனே கரையில் நிற்கும் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கடலைப் பார்க்கத் திரும்புவார்கள்.